வைகைக்கு மேக விதைப்பு: செய்து பார்த்தால் என்ன?

மேலூர் கடைமடை:
பெரியாறு பாசனத்தில் ஒருபோகத்துக்காரன் நான். மேலூருக்குக் கிழக்கே நாலு ஏக்கர். ஒரு வருஷம் கால்வாயில் தண்ணீர் வரும் என்று நம்பி நாற்றுப் பாவினேன். இரண்டு அணையிலும் சேர்த்து இருப்பு போதாது என்று திறப்பு தள்ளிக்கொண்டே போனது. பக்கத்து போரில் தண்ணீர் வாங்கி இருபத்தைந்து நாள் நாற்றைக் காப்பாற்றினேன். நாற்பதாம் நாள் முற்றி, நுனி மஞ்சளாகிவிட்டது. அறுத்து மாட்டுக்குப் போட்டேன். அதுவும் பாதியைத் தின்றுவிட்டு மீதியை ஒதுக்கியது.

அந்த நாற்பது நாளும் மேகம் இல்லாமல் இல்லை. மேற்கே பார்த்தால் கருகருவென்று ஏறி நிற்கும். நாலு சொட்டுப் போட்டுவிட்டுக் கலைந்துவிடும். மகாராஷ்டிராவில் சோலாப்பூரில் விமானத்தில் போய் மேகத்துக்குள் உப்பைத் தூவி மழையைக் கூட்டினார்கள் என்று என் மகன் போனில் காட்டினான். வருசநாட்டு மலைக்கு மேலே இதைச் செய்தால் வைகை அணைக்குத் தண்ணீர் வராதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கேலி செய்ய நினைப்பவர்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

புதுமண்டபம்:
தெர்மாகோல் இருக்கும்போது விமானம் எதற்கு அண்ணே?

மேலூர் கடைமடை:
இதைத்தான் சொன்னேன்.

மழைமானி:
வெளியூர்க்காரர்களுக்காக: 2017இல் வைகை அணையில் நீர் ஆவியாவதைத் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார்கள், காற்றடித்ததும் அத்தனையும் கரை ஒதுங்கியது. அதைச் சொல்லிச் சொல்லியே தண்ணீரைப் பற்றி மதுரையில் எதைப் பேசினாலும் சிரிப்பாக்கிவிட்டோம். விடுங்கள்.

சோலாப்பூர் வாட்ஸ்அப் கதை இல்லை அண்ணே. புனேயில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2018, 2019 பருவமழைக் காலங்களில் செய்த சோதனை. சோலாப்பூரும் நம் தேனி, ஆண்டிபட்டி மாதிரி மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே மழை மறைவில் கிடக்கும் ஊர்தான். 276 மேகங்களை எடுத்துக்கொண்டு, எதில் விதைப்பது, எதைச் சும்மா விடுவது என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்தார்கள். வயலில் ஒரு பாத்திக்கு உரம் போட்டு, அடுத்த பாத்திக்குப் போடாமல் விட்டுப் பார்ப்பீர்களே, அதே முறை. விதைத்த மேகம் காற்றோடு போன திசையில் சுமார் 100 சதுர கிலோமீட்டரில் மழை சராசரியாக 18 சதவீதம் கூடியிருந்தது.

இது எப்படி நடக்கிறது? மேகத்துக்குள் இருக்கும் ஒரு துளி, ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாகப் பிரித்தால் வரும் அளவு. அது காற்றிலேயே மிதக்கும், விழாது. அப்படிப்பட்ட துளிகள் பத்து லட்சம் ஒன்று சேர்ந்தால்தான் நாம் மழைத்துளி என்று சொல்லும் ஒரு சொட்டு. ஐப்பசியில் உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் கசகசவென்று நீர் விடும் இல்லையா, அந்தக் குணம்தான் இங்கே வேலை செய்கிறது. விமானத்தின் இறக்கையில் மாட்டிய குழல்களில் கால்சியம் குளோரைடைக் கொளுத்தி மேகத்தின் அடியில் புகையாக விடுவார்கள். மேலே ஏறும் காற்று அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். உப்பைச் சுற்றித் துளி பெருக்கும், பெருத்த துளி சின்னத் துளிகளை மோதி விழுங்கிக்கொண்டே கீழே வரும்.

உயரமான குளிர் மேகத்துக்குச் சில்வர் அயோடைடு. அங்கே நீர் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போயும் உறையாமல் நிற்கும். பனிக்கட்டியின் படிக அமைப்பும் சில்வர் அயோடைடின் அமைப்பும் ஏறக்குறைய ஒன்று என்பதால், அதைத் தொட்டதும் நீர் ஏமாந்து உறைந்துவிடும். 1946இல் அமெரிக்காவில் வின்சென்ட் ஷேஃபர் குளிர்பெட்டிக்குள் மூச்சுக்காற்றை விட்டு, உலர் பனிக்கட்டியைப் போட்டபோது பெட்டி முழுக்கப் பனித்துகள் மினுமினுத்தது. அங்கே தொடங்கிய விஷயம். இன்றைக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் செய்கிறார்கள். நாம் மட்டும் சிரித்துக்கொண்டே இருக்கிறோம்.

திருநகர் ஓய்வு:
தம்பி சொன்ன அறிவியலில் எனக்குச் சண்டை இல்லை. நான் முப்பது வருஷம் அணையிலும் கால்வாயிலும் கழித்தவன். எனக்கு ஒரே ஒரு கேள்வி: தண்ணீர் எவ்வளவு?

18 சதவீதம் என்று கேட்டால் மனசு குளிர்கிறது. அந்த 18 சதவீதத்தால் சோலாப்பூரில் கூடுதலாக விழுந்தது என்று அவர்களே போட்ட கணக்கு 86.7 கோடி லிட்டர். கோடி என்றதும் மலைக்காதீர்கள். கன அடியில் சொன்னால் 3 கோடியே 6 லட்சம். வைகை அணையில் விநாடிக்கு 1,000 கன அடி திறந்தால் எட்டரை மணி நேரத்தில் காலி. இரவு சாப்பிட்டுவிட்டு ஷட்டரைத் தூக்கினால் பல் தேய்க்கும்போது தீர்ந்துவிடும். லோயர் கேம்ப்பில் இருந்து மதுரைக்குக் குழாய் போட்டார்களே, அதன் அளவு நாளைக்கு 12.5 கோடி லிட்டர். அதற்கு ஒரு வாரத்துத் தண்ணீர். வைகை அணை 71 அடிக்கு நிறைந்தால் இருப்பது ஏறக்குறைய 6 டி.எம்.சி., அதாவது 600 கோடி கன அடி. அதில் இது இருநூறில் ஒரு பங்கு.

அதுவும் எங்கே? தரையில் விழுந்த கணக்கு இது. ஆற்றுக்கு வந்த கணக்கு இல்லை. கோடையில் காய்ந்து கிடக்கும் வருசநாட்டு மண்ணில் முதல் மழை விழுந்தால் மூல வைகையில் ஒரு சொட்டு ஓடாது, மண் குடித்துவிடும். இரண்டாம் மழை விழுந்தால் செடி குடிக்கும். மூன்றாவது, நான்காவது மழைக்குத்தான் ஓடையில் சத்தம் கேட்கும். அணைக்கு உள்ளே வருவது அதற்கும் அப்புறம்.

மழைமானி:
சார், அது ஒரு சோதனை. இரண்டே விமானம், 100 சதுர கிலோமீட்டர். தண்ணீர் எடுப்பதற்காகச் செய்யவில்லை, வேலை செய்கிறதா என்று பார்க்கச் செய்தார்கள். சோதனை வயலின் மகசூலை வைத்து ஊர்ப் பஞ்சத்தைத் தீர்க்குமா என்று கேட்பது நியாயமா?

செலவையும் சொல்கிறேன். லிட்டருக்கு 18 பைசா என்று கணக்கிட்டார்கள். எங்கள் தெருவுக்கு வரும் டிராக்டர் தண்ணீர் 6,000 லிட்டர் 1,200 ரூபாய். லிட்டருக்கு 20 பைசா ஆகிறது. கேன் தண்ணீரைப் பற்றிப் பேசவே வேண்டாம், 20 லிட்டர் 35 ரூபாய். நம் நாட்டு விமானத்தையே பயன்படுத்தினால் செலவு பாதிக்கு மேல் குறையும் என்றும் அந்த நிறுவனமே சொல்கிறது.

திருநகர் ஓய்வு:
டிராக்டர்க்காரர் 20 பைசாவுக்கு உன் வீட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போகிறார். விமானம் 18 பைசாவுக்கு முள்காட்டிலும் பாறையிலும் ரோட்டிலும் தெளித்துவிட்டுப் போகிறது. அதை நீ துடைத்துப் பிழிந்து தொட்டிக்குக் கொண்டுவர வேண்டும்.

ஒரு டி.எம்.சி. என்பது 2,832 கோடி லிட்டர். 18 பைசா வீதம் பெருக்கிப் பார். 510 கோடி ரூபாய் வரும். அந்த டி.எம்.சி.யும் தரையில்தான் கிடக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஆற்றுக்கு வந்தாலே பெரிய விஷயம். அப்படியானால் அணைக்குள் ஒரு டி.எம்.சி. சேர்க்க 2,500 கோடிக்கு மேல். பாதிச் செலவு என்றாலும் சரி, கால்பங்கு என்றாலும் சரி, இது ஆற்றுக்கான வழி இல்லை.

செல்லூர்க்காரி:
நான் தையல் கடை வைத்திருப்பவள், அறிவியல் தெரியாது. ஆனால் சார் போட்ட மாதிரி ஒரு கணக்கு நானும் கேட்கிறேன். 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கிட்டத்தட்ட 10 செ.மீ. மழை பெய்தது. பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி எங்கள் தெருவில் முட்டிக்கு மேல் தண்ணீர். கடையில் கீழ்த்தட்டில் வைத்திருந்த துணி மூட்டை அத்தனையும் சாக்கடையில் ஊறிவிட்டது. தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கும்போது, மற்றவர்கள் தைக்கக் கொடுத்த துணி. இருபத்துமூன்று ஜாக்கெட், நாலு பாவாடை சட்டை. ஒரு ஜாக்கெட்டில் ஆரி வேலை செய்து வைத்திருந்தேன், அது மட்டும் 1,800 ரூபாய். அலசி அலசிப் பார்த்தேன், அந்த வாடை போகவே இல்லை.

அன்றைக்கு அந்தத் தண்ணீர் எல்லாம் எவ்வளவு சார்? எங்கே போனது?

திருநகர் ஓய்வு:
அம்மா, இந்தக் கேள்வியை முப்பது வருஷ சர்வீஸில் என்னிடம் யாரும் கேட்கவில்லை. மாநகராட்சியின் பரப்பு சுமார் 148 சதுர கி.மீ. 10 செ.மீ. முழுக்கப் பெய்திருந்தால் ஒரு கோடியே 48 லட்சம் கன மீட்டர், அதாவது அரை டி.எம்.சி. எல்லா வார்டிலும் ஒரே அளவு பெய்திருக்காது, சரி, பாதி என்று வைத்துக்கொள்வோம். கால் டி.எம்.சி. சோலாப்பூரில் விமானம் பறக்கவிட்டுக் கிடைத்ததைப் போல எட்டு மடங்கு. ஒரே நாளில், இலவசமாக.

எங்கே போனது என்றால், வைகை வழியாகக் கிழக்கே போனது. போகும் வழியில் உங்கள் கடைக்குள்ளும் வந்துவிட்டுப் போனது.

மேலூர் கடைமடை:
ஐயா, உங்கள் கணக்கு எல்லாம் சரி. கணக்குப் பார்த்துத்தான் எனக்குத் தண்ணீர் திறக்காமலும் விட்டார்கள். மேலே இருப்பவனுக்கு எட்டரை மணி நேரத் தண்ணீர் சின்ன விஷயம். எட்டரை மணி நேரம் எங்கள் மடையில் தண்ணீர் வந்தால் அது ஒரு நனைப்பு. சூல் கட்டும் நேரத்தில் ஒரு நனைப்புக் கிடைத்தால் பயிர் பிழைக்கும். நீங்கள் அணையில் நின்று பார்க்கிறீர்கள், நான் வாய்க்காலின் கடைசியில் நின்று பார்க்கிறேன்.

திருநகர் ஓய்வு:
கோபப்படாதீர்கள். அணையில் எட்டரை மணி நேரம் திறந்தால் அது உங்கள் மடைக்கு வந்து சேராது. பேரணை தாண்டி, கள்ளந்திரி தாண்டி வருவதற்குள் கால்வாய்க் கரையே குடித்துவிடும். உங்களுக்கே தெரியும்.

மேலூர் கடைமடை:
தெரியும். அதனால்தான் அணையை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிறேன்.

உசிலை மானாவாரி:
இதுவரை படித்துக்கொண்டே வந்தேன். நீங்கள் எல்லாரும் ஆற்றையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். எங்களுக்கு ஆறே கிடையாது. 58 கிராமக் கால்வாய் வெட்டிக் கொடுத்தார்கள், அணையில் 67 அடி ஏறினால்தான் அதில் தண்ணீர் விட முடியும். அது எப்போது ஏறும், எத்தனை நாள் நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் சோளமும் குதிரைவாலியும் பருத்தியும் வானத்தை நம்பித்தான் போடுகிறோம்.

சோலாப்பூரில் 100 சதுர கி.மீ.க்கு 86.7 கோடி லிட்டர் என்றால், பிரித்துப் பார்த்தால் 8.67 மில்லிமீட்டர். இரண்டு பருவத்துக்கும் சேர்த்து. ஆற்றுக்கு அது தூசி. ஆனால் பூவெடுத்து நிற்கும் பருத்திக்கு, மண் வெடிக்கிற நேரத்தில், அதில் பாதி கிடைத்தாலும் போதும் என்று நான் சொல்வேன். எங்களுக்கு ஓடிவரும் தண்ணீர் வேண்டாம், விழுந்த இடத்தில் இறங்கினால் போதும். திருநகர் ஐயா ‘மண் குடித்துவிடும்’ என்று நஷ்டக் கணக்கில் எழுதினார். எங்கள் நோட்டில் அது வரவு.

மழைமானி:
இதை நான் யோசிக்கவில்லை. நன்றி அண்ணே.

திருநகர் ஓய்வு:
நானும் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆற்றுக்கு இல்லை, மானாவாரிக்கு என்றால் பேச்சே வேறு. ஆனால் ஒரு இடம் உதைக்கிறது. மண் வெடிக்கிற நேரத்தில் வானத்தில் என்ன இருக்கும்? விதைப்பு என்று பெயர் வைத்ததே வம்பு, இல்லாத மேகத்தை முளைக்க வைக்கலாம் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கறக்கிற மாட்டில் இன்னும் ஒரு ஆழாக்குக் கறக்கிற வித்தை இது. மாடே இல்லாத வீட்டில் செம்பைத் தூக்கிக்கொண்டு நின்று என்ன செய்வது? 2025 அக்டோபரில் டெல்லியில் புகையைக் கழுவ ஐஐடி கான்பூர்க்காரர்கள் விமானம் விட்டார்கள். மேகத்தில் ஈரம் 10, 15 சதவீதம்தான் இருந்தது. மழை வரவில்லை. விமானம் போனது, வந்தது, புகை அப்படியே நின்றது.

நன்றாக மழை பெய்கிற வருஷத்தில் இந்த வித்தை நன்றாக வேலை செய்யும். வறட்சியில்தான் கைவிடும். தேவைப்படும்போது இல்லாத பொருளை என்னவென்று சொல்வது?

மழைமானி:
சார், மேலூர் அண்ணன் முதலிலேயே எழுதினார், அவர் நாற்று கருகிய நாற்பது நாளும் மேகம் இருந்தது என்று. வறட்சி என்றால் எல்லா நாளும் நீலவானம் இல்லை. மேகம் திரளும், மழையாக விழாமல் கலையும். சோலாப்பூரில் குறிவைத்ததே அந்த மாதிரி மேகத்தைத்தான். ரேடாரில் பார்த்துக்கொண்டே இருந்து, ஏறும் மேகத்தைப் பிடிக்க வேண்டும். டெல்லியில் வறண்ட மேகத்தில், அரசியல் அவசரத்துக்குச் செய்தார்கள். கான்பூர்க்காரர்களே ஈரம் போதாது என்றுதான் சொன்னார்கள். டெல்லியைக் காட்டி மேகமலையைப் பேசாதீர்கள்.

ஆற்றுக்குத் தண்ணீர் சேர்த்த உதாரணமும் இருக்கிறது. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்து மலைகளில் 2017 ஜனவரியில் விமானம் விதைத்துக்கொண்டே போக, அது பறந்த கோடுகள் அப்படியே பனியாக மாறுவதை ரேடாரில் கண்ணால் பார்த்தார்கள். மூன்று முறை விதைத்ததில் சுமார் 7 லட்சம் கன மீட்டர் நீருக்குச் சமமான பனி விழுந்தது. அது மலையிலேயே உட்கார்ந்திருந்து கோடையில் உருகி ஆற்றுக்கு வரும்.

திருநகர் ஓய்வு:
7 லட்சம் கன மீட்டர் என்றால் 2 கோடியே 50 லட்சம் கன அடி. நம் ஷட்டர்க் கணக்கில் ஏழு மணி நேரம். பனி மலையிலேயே சேமிப்பாக நிற்பது அவர்களுக்கு லாபம், ஒத்துக்கொள்கிறேன். மேகமலையில் பனி எங்கே தம்பி இருக்கிறது? டீத்தூள்தான் இருக்கிறது.

நீ ஐடஹோ சொன்னாய், நான் இஸ்ரேல் சொல்கிறேன். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக எண்ணும் தேசம். 1960களில் செய்த சோதனையில் மழை 15 சதவீதம் கூடியது என்று உலகமே அதை மேற்கோள் காட்டியது. பல பத்தாண்டு விதைத்தார்கள். பிறகு 2013 முதல் 2020 வரை மறுபடியும் குலுக்கல் முறையில் ஒழுங்காகச் சோதித்தால் கிடைத்தது 1.8 சதவீதம். அதுவும் தற்செயலா இல்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவு. 2021இல் நிறுத்திவிட்டார்கள். ஐம்பது நாடு செய்கிறது என்று எழுதினாயே, செய்து பார்த்து நிறுத்தியவர்களையும் எண்ண வேண்டும்.

கம்பம் பன்னீர்:
ஐயாமார்களே, வருசநாட்டு மேலே, மேகமலை மேலே என்று ஆளுக்கொரு பக்கம் விமானம் விடுகிறீர்கள். மலைக்கு இந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கில் நாங்கள் இருக்கிறோம். திராட்சை. பழம் கறுத்து இனிப்பு ஏறி அறுவடைக்கு நிற்கிற வாரத்தில் ஒரு நல்ல மழை விழுந்தால் தோல் வெடித்துவிடும். காலையில் பந்தலுக்குக் கீழே போனால் கொத்துக் கொத்தாக ஈ மொய்க்கும். வியாபாரி தோட்டத்து வாசலிலேயே வண்டியைத் திருப்பிவிடுவான்.

சாமி கொடுத்த மழை என்றால் அழுதுவிட்டு அடுத்த வெட்டுக்குப் போய்விடுவோம். விமானம் விட்டுப் பெய்த மழை என்றால் யாரிடம் போய் நஷ்டம் கேட்பது? மேலூர் அண்ணனிடமா?

மேலூர் கடைமடை:
வாருங்கள் தம்பி, பாதி நாற்று தருகிறேன்.

புதுமண்டபம்:
துபாய் மாதிரி ஆகிவிடும் என்று யாரும் இன்னும் சொல்லவில்லையே? இதோ நான் சொல்லிவிட்டேன்.

மழைமானி:
2024 ஏப்ரல் 16 துபாய் வெள்ளத்துக்கு மேக விதைப்பு காரணம் இல்லை. பெரிய புயல் அமைப்பு ஒன்று அந்தப் பக்கம் முழுக்க வந்தது, பக்கத்து ஓமனிலும் வெள்ளம் வந்து உயிர்கள் போயின. இவ்வளவு நேரம் எட்டரை மணி நேரத் தண்ணீர்கூட இல்லை என்று திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன், இப்போது ஊரையே மூழ்கடித்தாய் என்கிறீர்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

செல்லூர்க்காரி:
அந்தத் தம்பி சொல்வது சரிதான், சிரித்துவிட்டேன். ஆனால் திராட்சைக்காரர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மழைமானி:
பதில் இல்லை அக்கா. உண்மையாகவே இல்லை. விதைத்த மேகத்தில் இருந்து விழுந்த மழையில் எது தானாகப் பெய்தது, எது விதைத்ததால் பெய்தது என்று ஒரு தோட்டத்துக்குப் பிரித்துச் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான மேகங்களைச் சேர்த்துச் சராசரி பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அறுவடை வாரங்களில் அந்தப் பக்கம் பறக்காமல் இருக்கலாம், அவ்வளவுதான் செய்ய முடியும்.

திருநகர் ஓய்வு:
இன்னொரு சிக்கல் இருக்கிறது. வைகைக்கு நம்பகமான தண்ணீர் மூல வைகையில் இருந்து வருவதில்லை. பெரியாற்றில் இருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வருகிறது. 1895இல் இருந்து அப்படித்தான். தென்மேற்குப் பருவமழையில் மேகம் மொய்ப்பதும் தேக்கடிப் பக்கம்தான். ஆக, ஆற்றுக்காக விதைப்பதென்றால் அங்கே விதைக்க வேண்டும். அது கேரளாவின் வானம். பெரியாறு அணைக்கு 142 அடி வரைதான் உச்ச நீதிமன்ற அனுமதி. அங்கே போய் ‘மழையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்கிறோம்’ என்று கேட்டுப் பாருங்கள்! ஒருவேளை சரி என்றே சொன்னாலும், நல்ல மழை நாளில் 142ஐ நெருங்கினால் ஷட்டரைத் திறந்து தண்ணீர் இடுக்கிக்குப் போய்விடும். நம் காசில் மேகத்துக்கு உப்புப் போட்டு, இடுக்கியில் கரண்ட் எடுப்பார்கள்.

உசிலை மானாவாரி:
அதுவும் ஒரு புண்ணியம்தான்.

மழைமானி:
பெரியாறு வேண்டாம் சார். அதை நான் கேட்கவும் இல்லை. உசிலம்பட்டி, பேரையூர், தே.கல்லுப்பட்டி மானாவாரிப் பக்கம், செப்டம்பர் அக்டோபரில் மேகம் திரளும் பிற்பகல்களில், குலுக்கல் முறையில், இரண்டு வருஷம். சுதந்திரமான ஆட்கள் அளக்க வேண்டும். ஊர் ஊருக்கு மழைமானி வைத்தால் போதும், பள்ளிக்கூடப் பிள்ளைகளே அளந்துவிடுவார்கள். வேலை செய்யவில்லை என்றால் அதையும் அச்சடித்து வெளியிட வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறேன்.

கர்நாடகா 2003இல் ‘வருணா’ என்று செய்தது, 2017இல் ‘வர்ஷதாரி’ என்று செய்தது. ஒவ்வொரு தடவையும் வறட்சி வந்த பிறகு அவசரமாக டெண்டர் விட்டுச் செய்வார்கள். அப்புறம் மழை பெய்தால் ஜெயித்தோம் என்பார்கள், பெய்யாவிட்டால் மேகம் இல்லை என்பார்கள். அப்படிச் செய்வதற்கு நானும் எதிரிதான்.

திருநகர் ஓய்வு:
நீ கேட்பது ஆராய்ச்சி. செய்யட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் தலைப்பில் வைகைக்கு என்று இருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்கைக் கண்மாய்க்குக் கேட்டால் நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன். தெப்பக்குளத்தைப் பாருங்கள். எத்தனை வருஷம் உள்ளே கிரிக்கெட் விளையாடினார்கள்! பனையூர்க் கால்வாயைச் சரிசெய்து வைகைத் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள், இப்போது படியில் அலை அடிக்கிறது. வானத்துக்கு யாரும் ஏறவில்லை, மண்ணைத்தான் அள்ளினார்கள்.

மேலூர் கடைமடை:
கண்மாயைத் தூர்வாரச் சொல்லி என் அப்பா காலத்தில் இருந்து மனு கொடுக்கிறோம் ஐயா. எங்கள் கண்மாய்க்குள் சீமைக் கருவேலம் யானை மறைகிற உயரத்துக்கு நிற்கிறது. நீங்கள் ஏதோ அது சுலபம், விமானம்தான் கஷ்டம் என்பது போல எழுதுகிறீர்கள். எங்களுக்கு இரண்டும் ஒரே தூரத்தில்தான் இருக்கிறது.

செல்லூர்க்காரி:
இது சரியான பேச்சு.

திருநகர் ஓய்வு:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த மனுக்களில் சில என் மேஜைக்கும் வந்திருக்கும்.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். தமிழ்நாடு இதற்குப் புதிது இல்லை. 1983இல், பிறகு 1984 முதல் 87 வரை, அப்புறம் 1993–94இல் நம் அரசே மேக விதைப்பு செய்திருக்கிறது. கர்நாடகாவுக்கு முன்பே.

மேலூர் கடைமடை:
அப்படியா? அதில் எவ்வளவு தண்ணீர் வந்தது?

திருநகர் ஓய்வு:
விமானம் பறந்த பேச்சு ஆபீசில் அடிபட்டது நினைவிருக்கிறது. அளந்த கணக்கு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

மேலூர் கடைமடை:
முன்னாடியே செய்திருக்கிறோம் என்றால் முதலில் அதைத்தானே கேட்க வேண்டும்? சரி, தகவல் உரிமையில் கேட்டுவிடுகிறேன். மகனை உட்கார வைத்து எழுதினேன், பார்த்துச் சொல்லுங்கள்:

“1983 முதல் 1994 வரை தமிழ்நாட்டில் மேற்கொள்ளப்பட்ட மேக விதைப்பு எந்தெந்த மாவட்டங்களில், எந்தெந்த நாட்களில் நடந்தது? ஆன செலவு எவ்வளவு? அதனால் எவ்வளவு மழை பெய்தது?”

திருநகர் ஓய்வு:
கடைசிக் கேள்வியை மாற்றுங்கள். இப்படிக் கேட்டால் அந்த வருஷம் பெய்த மொத்த மழையையும் எழுதி அனுப்பிவிடுவார்கள். ‘விதைத்த பகுதியில் எவ்வளவு பெய்தது, அதே நாட்களில் விதைக்காத பக்கத்துப் பகுதியில் எவ்வளவு பெய்தது, இரண்டையும் ஒப்பிட்ட அறிக்கை இருந்தால் அதன் நகல்’ என்று கேளுங்கள். ‘அறிக்கை இல்லை என்றால், இல்லை என்று எழுத்தில் தரவும்’ என்றும் ஒரு வரி.

மழைமானி:
எந்த வேதிப்பொருள், எத்தனை பறப்பு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணே. நான் சொன்ன இரண்டு வருஷச் சோதனைக்கு அது உதவும்.

கம்பம் பன்னீர்:
யாருக்காவது நஷ்ட ஈடு கொடுத்தார்களா என்று எனக்காக ஒரு வரி.

மேலூர் கடைமடை:
மூன்றையும் சேர்த்துவிட்டேன். மனு இப்போது ஒன்றரைப் பக்கம் வந்துவிட்டது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டுமாம், இன்று ஞாயிறு, வெண்டர் கடை பூட்டியிருக்கிறது. நாளைக் காலையில் வாங்கி ஒட்டித் தபாலில் போட்டுவிட்டு இங்கே சொல்கிறேன்.